தலைமுறை தாண்டிய வாசக நட்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

25 வயதுக்காரர் ஒருவரும் 70 வயதைக் கடந்த ஒருவரும் நண்பர்களாவதற்கு அன்றாட வாழ்க்கை அதிக வாய்ப்புத் தருவதில்லை. படிப்பும் வேலையும் பொழுதுபோக்கும் நம்மை ஒத்த வயதினரோடே சேர்த்து வைக்கின்றன. மூத்தவர்களை உறவினராகவோ, ஆசிரியராகவோ, உதவி தேவைப்படுபவராகவோதான் பெரும்பாலும் சந்திக்கிறோம். வாசிப்பில் உண்மையான ஈடுபாடு உள்ள இருவர் சந்திக்கும்போது இந்த வரிசை குலைந்துபோகிறது. ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு எதிரெதிரே அமர்ந்தால், அதைப் பற்றிச் சொல்ல இருவரிடமும் ஏதாவது இருக்கும். இந்தக் கட்டுரை அப்படியொரு நட்பைத் தொடங்க விரும்பும் இளையவரை முதன்மையாக மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மூத்தவர் ஒருவர் படித்தாலும் அவருக்குப் பயன்படும் செய்திகள் இதில் உண்டு.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதைத் தொண்டாக நினைத்துத் தொடங்கக் கூடாது. தனிமையில் இருக்கும் பெரியவருக்குத் துணையாக இருக்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடு செல்பவர், சில வாரங்களிலேயே அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டத் தொடங்கிவிடுவார்; தமக்குப் பிடிக்காத புத்தகத்தைப் பிடித்ததாகச் சொல்வார்; நாளடைவில் வருவதையே குறைத்துக்கொள்வார். இளைஞர்களுக்கு நல்ல நூல்களை அறிமுகப்படுத்தப்போகிறேன் என்று புறப்படும் மூத்தவரின் நிலையும் இதுதான். அவர் நடத்துவது வகுப்பாகிவிடும். தமிழ் வாசகர்களுக்கு இதில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1882இல் பிறந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் நட்பு வட்டத்தில், அவரைவிட ஏறக்குறைய 40 ஆண்டு இளையவர்களான எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் இருந்தார்கள். கவிதையை வாய்விட்டுப் படித்து, சேர்ந்து சுவைப்பது அந்த வட்டத்தின் வழக்கம். சேர்ந்து சுவைக்கும் இடத்தில் ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் வாங்குபவராகவும் நிலைத்திருக்க முடியாது.

முதல் படி: ஆளைக் கண்டுகொள்வது

நூலகத்தின் நாளிதழ்ப் பகுதியில் தினமும் வந்து அமர்பவர்கள், வாசகர் வட்டக் கூட்டங்களில் பின்வரிசையில் இருப்பவர்கள், புத்தகக் கண்காட்சியில் ஒரே கடையில் நெடுநேரம் நின்று பக்கம் பக்கமாகப் புரட்டுபவர்கள், நண்பரின் வீட்டில் கையில் புத்தகத்தோடு தென்படும் பாட்டி அல்லது தாத்தா என்று தேடுவதற்கு இடங்கள் பல இருந்தாலும், கவனிக்க வேண்டியது ஒன்றே. அவர் இப்போதும் படிக்கிறாரா என்று பாருங்கள். ஒரு காலத்தில் நிறையப் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களிடம் கேட்க நல்ல கதைகள் இருக்கும். ஆனால் வாசக நட்புக்கு இன்றைக்கும் ஒரு புத்தகம் பாதியில் இருக்கும் ஆள்தான் பொருத்தமானவர். கண் பழுதடைந்ததால் மட்டும் படிப்பை விட்டவர் இதற்கு விதிவிலக்கு. அவருக்குள் வாசகர் அப்படியே இருப்பார். அதற்கான வழிகளைப் பின்னால் சொல்கிறேன்.

அவருடைய ரசனை உங்களுடையதைப் போலவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் அறிவியல் புனைகதை படிப்பவராகவும் அவர் வரலாற்று நாவல் படிப்பவராகவும் இருந்தால் தவறில்லை. இருவரில் ஒருவர் மற்றவருடைய வகையை இழிவாகப் பேசுபவராக இருந்தால்தான் சிக்கல். அது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் பேச்சு

கையில் இருக்கும் புத்தகத்திலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். "என்ன படிக்கிறீர்கள்?" என்ற கேள்வி புத்தகத்தின் பெயரோடு முடிந்துவிடும். "இது உங்களுக்கு முதல் தடவையா, மறுவாசிப்பா?" என்று கேட்டால் பேச்சு நீளும். ஏனென்றால் வயதான வாசகர்களில் பலர் மறுவாசிப்புக்காரர்கள். இருபது வயதில் படித்ததை அறுபதில் ஏன் மீண்டும் எடுத்தார் என்பதைச் சொல்ல அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வயது, உடல்நிலை, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பன போன்ற கேள்விகளை முதல் நாளில் தவிர்த்துவிடுங்கள். அவற்றை எல்லோரும் அவரிடம் கேட்டிருப்பார்கள்.

எப்படி அழைப்பது என்ற தயக்கம் இளையவர்கள் பலருக்கு உண்டு. "ஐயா", "அம்மா" என்று தொடங்கினால் யாருக்கும் உறுத்தாது. இரண்டாம் சந்திப்பில், எப்படி அழைத்தால் அவருக்கு இயல்பாக இருக்கும் என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். கேட்காமலேயே "தாத்தா", "பாட்டி" என்று அழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சொற்கள் அன்பானவைதாம். ஆயினும் அவை வந்த உடனே ஒருவர் பெரியவராகவும் மற்றவர் பிள்ளையாகவும் நடந்துகொள்ளத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். மூத்தவர்கள் பங்குக்கு, "தம்பி", "பாப்பா" என்பதோடு நிறுத்தாமல் இளையவரின் பெயரை நினைவில் வைத்துச் சொல்லி அழைப்பது நல்லது.

மூன்றாம் படி: முதல் புத்தகம்

முதலில் ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பக்கக் கதையை வாய்விட்டுப் படித்தால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்; மௌனமாகப் படித்தால் அதைவிட விரைவாக முடியும். அதே அமர்வில் படித்துப் பேசிவிடலாம் என்பதால், "இன்னும் முடிக்கவில்லை" என்ற குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. தமக்கு மிகவும் பிடித்த 800 பக்க நாவலை முதல் வாரத்திலேயே தூக்கிக் கொடுப்பதுதான் இந்த நட்புகளில் அதிகம் நிகழும் தவறு. வாங்கியவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, படிக்காத வெட்கத்தால் கொடுத்தவரைச் சந்திப்பதையே தள்ளிப்போடுவார். அன்பளிப்பாகப் புத்தகம் கொடுப்பதிலும் இதே கடன் சுமை இருப்பதால், அதை முதல் சில மாதங்களுக்கு ஒத்திவைக்கலாம்.

அதன்பின் தேர்வை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்: ஒரு முறை நீங்கள், மறுமுறை அவர். மூத்தவருக்கு வாசிப்பு அனுபவம் கூடுதல் என்பதால் தேர்வு முழுவதையும் அவரிடமே விட்டுவிடுவது மரியாதையாகத் தோன்றக்கூடும். ஆனால் அவர் தம் வாழ்நாளில் தாமாக எடுத்திருக்கவே வாய்ப்பில்லாத நூல் ஒன்றை அவர் முன் வைக்கும் பொறுப்பு உங்களுக்கும் இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஓர் உடன்பாடு செய்துகொள்வது நல்லது: எந்தப் புத்தகத்தையும் 50 பக்கம் படித்துப் பார்த்த பிறகு, காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் கைவிடலாம். அந்த ஒரு வாக்கியம், புத்தகத்தை முழுதாகப் படித்தவர் சொல்லும் பாராட்டைவிடப் பல நேரங்களில் சுவையான பேச்சுக்கு வழிவிடும்.

நான்காம் படி: கண்ணுக்கும் காதுக்கும் ஏற்ற ஏற்பாடு

வழிகாட்டிகள் வழக்கமாக விட்டுவிடுவதும், நடைமுறையில் இந்த நட்பு நீடிப்பதை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பதும் இந்தப் படிதான். 40 வயதுக்குப் பின் கண்ணின் வில்லை மெல்ல மெல்ல இறுகுவதால் அருகிலுள்ள எழுத்தில் பார்வையைக் குவிப்பது எல்லோருக்கும் கடினமாகிறது. அதற்குக் கண்ணாடி போதும். வயது கூடும்போது கண்மணி சுருங்குவதும் வில்லை மஞ்சளிப்பதும் சேர்ந்து, உள்ளே செல்லும் வெளிச்சத்தையே குறைத்துவிடுகின்றன. 60 வயதுக்காரரின் விழித்திரையை அடையும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதுமானதாகத் தெரியும் அறை அவருக்கு மங்கலாக இருக்கும். சன்னல் ஓரமாகவோ, தோளுக்குப் பின்பக்கவாட்டிலிருந்து ஒளி பக்கத்தின்மீது விழும்படி வைத்த விளக்கருகிலோ அமருங்கள். முகத்துக்கு நேராக விளக்கு இருக்கக் கூடாது; கண்புரை உள்ளவருக்கு அந்தக் கூச்சம் எழுத்தையே அழித்துவிடும். பளபளப்பான தாளில் அச்சிட்ட நூல்களும் இதே காரணத்தால் தொல்லை தருபவை.

வழக்கமான நூல்கள் 10 முதல் 12 புள்ளி அளவிலான எழுத்தில் அச்சாகின்றன. பெரிய எழுத்துப் பதிப்புகள் 16 அல்லது 18 புள்ளியில் வரும். ஆனால் தமிழில் அவை அரிது. ஆகவே மின்னூல் கருவியோ கைக்கணினியோ இங்கே பெரும் உதவியாக அமையும். எழுத்தைப் பெரிதாக்கலாம், வரிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டலாம், கனமான தொகுதியை நெஞ்சில் தாங்கிக்கொண்டிருக்கும் வேதனையும் இல்லை. பழந்தமிழ் நூல்களையும் காப்புரிமைக் காலம் முடிந்த பல படைப்புகளையும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் இலவச மின்னூல்களாகத் தந்துவருகிறது. அங்கிருந்து தரவிறக்கி, அவருக்கேற்ற எழுத்தளவை அமைத்துக் கொடுங்கள். கருவியை அவருக்காக நீங்களே இயக்கிக்கொண்டிருக்காதீர்கள். பக்கம் திருப்புவது, எழுத்தைப் பெரிதாக்குவது, விட்ட இடத்துக்குத் திரும்புவது ஆகிய மூன்றையும் மட்டும் அவர் கையாலேயே பழகவிட்டு, மற்ற அமைப்புகளைத் தொடாமல் விடுவது எளிது. தாள் புத்தகம்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், வாதாட வேண்டாம். நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் நல்ல விளக்கும் பெரும்பாலும் போதுமானவை.

செவித்திறன் குறையும்போது முதலில் மங்குபவை உயர்ந்த அலைவரிசை ஒலிகள். ச, ஸ, ஷ போன்றவை தெளிவிழந்து, பேச்சு கேட்கிறது ஆனால் சொல் பிடிபடவில்லை என்ற நிலை உண்டாகும். உரக்கக் கத்துவதால் பயனில்லை. உங்கள் முகம் அவருக்குத் தெரியும்படி அமர்ந்து, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, சத்தத்தைக் குறைக்காமல் சற்றுத் தாழ்ந்த சுருதியில், வாக்கியங்களுக்கிடையே இடைவெளி விட்டுப் படியுங்கள். புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் உதடுகள் மறைந்துவிடும் என்பதால் அதை மார்பளவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கதாபாத்திரத்தின் பெயர் முதன்முறை வரும்போது அதை மட்டும் இரண்டு முறை சொல்வது நல்ல பழக்கம், கதையின் நடுவில் "யார் இந்த ஆள்?" என்று கேட்கக் கூச்சப்பட்டே பலர் கதையைத் தவறவிடுகிறார்கள்.

பார்வை முற்றிலும் குறைந்தவருக்கு ஒலிநூல்கள் இருக்கின்றன. ஆனாலும் தெரிந்த குரல் படிப்பதில் ஒரு வசதி உண்டு: எந்த வரியிலும் அவர் கையை உயர்த்தி நிறுத்தலாம், "அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை" என்று கேட்கலாம். அப்படி நிறுத்தப்படும் இடங்களைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: பேசுவது

படித்து முடித்ததும் "கதை எப்படி இருந்தது?" என்று கேட்பதைவிட, ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுவது நல்ல பலனைத் தரும். இருவரும் தனித்தனியே ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து வர வேண்டும். மற்றவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது முன்கூட்டித் தெரியக் கூடாது. தேர்ந்தெடுத்த பத்தியைப் படித்துக் காட்டிவிட்டு, ஏன் அங்கே நின்றோம் என்று சொல்ல வேண்டும். இந்த எளிய முறை வயது வித்தியாசத்தை மறைக்காமல் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. மகன் ஒருவன் விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்படும் காட்சி கதையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இளையவர் அவனோடு சாலையில் நடந்து போய்விடுவார். அவன் போகும் ஊரும் அவனுடைய பயமும் அவருக்கு முக்கியம். மூத்தவரோ, தூங்குவதுபோல் கண்ணை மூடிப் படுத்திருக்கும் தகப்பனைப் பற்றிய அரை வரியில் நின்றிருப்பார். அந்த அரை வரியை இளையவர் படித்திருப்பார், கவனித்திருக்க மாட்டார். தகப்பன் விழித்திருந்தானா, மகனுக்கு அது தெரியுமா என்று பேசத் தொடங்கினால் மாலை முழுவதும் போதாது. நான் அறிந்தவரை, இந்த நட்பின் மிகப் பெரிய பேறு இதுதான்: தனக்கு இன்னும் வராத வயதிலிருந்தும், தான் கடந்துவந்துவிட்ட வயதிலிருந்தும் ஒரே பக்கத்தைப் பார்க்க முடிகிறது.

அவர் படித்த காலத்தின் வாசிப்பு முறையையும் கேட்டறியுங்கள். பல நாவல்கள் வார இதழ்களில் தொடராக வந்தவை. அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருந்து, வந்த பக்கங்களை இதழிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் அந்தத் தலைமுறையினர். அப்படிப்பட்ட தொகுதி ஒன்று அவரிடம் இருந்தால் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். பக்கத்தின் ஓரம் பைண்டிங்கில் வெட்டுப்பட்டு வரிகளின் முதல் எழுத்துகள் தொலைந்திருக்கும், பின்பக்கத்தில் பாதி விளம்பரம் இருக்கும், ஒவ்வோர் அத்தியாயமும் வாசகரைத் தவிக்கவிட்டு முடிந்திருக்கும். அந்த நாவலில் ஏன் இத்தனை திடீர்த் திருப்பங்கள் என்று ஒரே மூச்சில் படித்த உங்களுக்கு எழுந்த கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும். உங்கள் பங்குக்கு, திரையில் படிப்பது எப்படி, ஒரு புத்தகத்தைப் பற்றி முன்பின் தெரியாதவர்களோடு எப்படி உரையாடுகிறீர்கள், எதனால் கவனம் சிதறுகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை" என்ற பொதுவான வருத்தத்துக்கு எதிராக வாதம் செய்வதைவிட இது பயனுள்ளது.

ஒரே செய்தியை அவர் இரண்டாம் முறை சொல்லும்போது, "போன வாரமே சொன்னீர்கள்" என்று நிறுத்த வேண்டாம்; "அந்த நூலகர் பிறகு என்ன செய்தார்?" என்பதுபோல, முன்பு சொல்லாத பகுதியை நோக்கிக் கேள்வி கேளுங்கள். மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: இளையவர் பேசும்போது அவர் தேடும் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், அவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

ஆறாம் படி: கருத்து மாறுபடும்போது

பழைய நூல்களில் பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் இன்று ஏற்க முடியாத பார்வைகள் வரும். புதிய நூல்களில் மூத்தவருக்குக் கூச்சம் தரும் வெளிப்படையான காட்சிகள் வரும். இரண்டையும் தவிர்த்துவிட்டுப் பாதுகாப்பான நூல்களையே படித்துக்கொண்டிருந்தால் நட்பு வெளிறிப்போகும். பிடிக்காத பகுதியைச் சுட்டும்போது நூலின் வரியைச் சுட்டுங்கள், படித்தவரைச் சுட்டாதீர்கள். "இந்த இடத்தில் ஆசிரியர் இந்தப் பெண்ணைப் பேசவே விடவில்லை" என்பது விவாதத்தைத் திறக்கும். "உங்கள் தலைமுறைக்கு இது தப்பாகவே தெரியாது" என்பது மூடிவிடும். நாற்பது ஆண்டு நேசித்த எழுத்தாளரை அவர் ஒரே மாலையில் கைவிட வேண்டியதில்லை. நீங்களும் உங்கள் எதிர்ப்பை மரியாதை கருதி விழுங்க வேண்டியதில்லை. விவாதம் சூடாகிவிட்டால் அடுத்த முறை இருவரும் முன்பு படித்திராத எழுத்தாளர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: எல்லைகளும் வீட்டாரும்

சந்திப்புக்கு நாளும் நேரமும் வரையறுத்துக்கொள்ளுங்கள். முடியும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, விருப்பம் இருந்தால் கூட்டிக்கொள்வது, வாரந்தோறும் என்று தொடங்கிக் குறைப்பதைவிட நல்லது, ஏனெனில் குறைவதை எதிர்த்தரப்பு புறக்கணிப்பாகவே உணரும். வர முடியாவிட்டால் முன்கூட்டித் தெரிவித்துவிடுங்கள். வயதானவர் ஒருவர் சட்டை மாற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்துக் காத்திருப்பார்.

அவருடைய குடும்பத்தினரைத் தொடக்கத்திலேயே அறிமுகம் செய்துகொள்வது இருவருக்கும் பாதுகாப்பு. அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வருவதைப் பற்றி அவர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். இளையவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதும், நூலகம் போன்ற பொது இடத்தில் சந்திப்பதும் கட்டாயம். பணம் கொடுக்கல் வாங்கல், வங்கிக் கடவுச்சொல், சொத்து விவகாரம் ஆகியவற்றை இந்த நட்புக்குள் கொண்டுவரவே கூடாது. மருந்து வாங்கிவருவது போன்ற சிறு உதவிகள் நட்பில் இயல்பானவை. ஆனால் சந்திப்பின் பெரும்பகுதி அலைச்சல்களிலேயே கழிவதாகத் தெரிந்தால், அவற்றுக்கு வேறு ஏற்பாடு செய்ய வீட்டாரிடம் பேசிவிட்டு, புத்தகத்துக்கான நேரத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: தொலைவும் நோயும்

இளையவர் வேலைக்காக வேறு ஊருக்குச் செல்வது இந்த நட்புகளில் பெரும்பாலும் நடந்தே தீரும். அப்போது தொலைபேசியில் வாரம் ஓர் அத்தியாயம் படிக்கலாம், குரல்பதிவு அனுப்பலாம், கடிதம் எழுதலாம். கடிதத்துக்குத்தான் என் ஆதரவு அதிகம். படித்ததைப் பற்றி யோசித்து எழுதவும், வந்ததை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கவும் அது இடம் கொடுக்கிறது.

நினைவு மங்கத் தொடங்கியவரோடும் படிக்க முடியும். நாவலை விட்டுவிட்டு, தொடர்ச்சி தேவைப்படாத சிறு பகுதிகளுக்கும் கவிதைகளுக்கும் மாறுங்கள். இளமையில் மனப்பாடம் செய்த பாடல்கள், அண்மைய நினைவுகள் போன பின்னும் நெடுநாள் தங்கியிருப்பதுண்டு. நீங்கள் முதல் அடியைச் சொல்லி நிறுத்தினால் அடுத்த அடியை அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். "போன வாரம் என்ன படித்தோம், சொல்லுங்கள்" என்று சோதிக்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: புத்தகங்களின் கணக்கு

இருவருக்கும் பொதுவாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, யார் புத்தகம் யாரிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று எழுதி வாருங்கள். படித்து முடித்த தேதியையும், ஒவ்வொருவரும் தேர்ந்தெடுத்த பத்தியின் பக்க எண்ணையும் அதிலேயே குறித்தால் தனியாக வேறு பதிவு வேண்டாம். இரவல் நூலில் அடிக்கோடிட வேண்டுமானால் அனுமதி கேட்டு, பென்சிலால் மட்டும் இடுங்கள்.

மூத்தவர் தம் சேகரிப்பு பிற்காலத்தில் என்ன ஆகும் என்று கவலைப்படுவதாகத் தெரிந்தால், பேச்சை மாற்றாமல் அதற்கு உதவுங்கள். நூல், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பாண்டு என்று அலமாரி வாரியாகப் பட்டியல் எடுங்கள். முதல் பதிப்புகள், ஆசிரியர் கையெழுத்திட்டவை, பைண்டு செய்த தொடர்கள் ஆகியவற்றுக்குத் தனிக் குறியிடுங்கள், ஏனெனில் மதிப்புத் தெரியாதவர் கையில் முதலில் பழைய தாள்கடைக்குப் போவது அவைதாம். நூலகங்கள் எல்லா நன்கொடைகளையும் ஏற்பதில்லை என்பதால், பட்டியலை முன்கூட்டியே காட்டி எவை தேவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த நூல் யாருக்கு என்பதை அவரே தம் கையெழுத்தில் எழுதி, அதன் ஒரு படியைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுவது நல்லது. உங்களுக்கென்று அவர் ஏதாவது ஒதுக்கினால் அதுவும் அந்தத் தாளிலேயே, அவர்கள் அறிய, இருக்கட்டும். இரவல் வாங்கி உங்களிடம் இருப்பவற்றைப் பட்டியல் எடுக்கும் நாளிலேயே திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி வேண்டியதை நோட்டில் எழுதி எடுத்துவாருங்கள்.